மொத்த விலை பேசுபவரை வாசலிலேயே நிறுத்துங்கள்

கேள்வி: மயிலாடுதுறையில் தனியாக இருந்த எண்பது வயது அம்மாவைக் கோவைக்கு அழைத்துப் போகிறோம். வீட்டில் இரண்டு பீரோ, டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம், போட்டோக்கள், ஓர் ஓலைச்சுவடிக் கட்டு, பித்தளைப் பாத்திரங்கள். எல்லாவற்றையும் நாற்பதாயிரத்துக்கு எடுத்துக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பித்தளையையும் தேக்கையும் அவர் கண்ணாலேயே எடை போட்டுத்தான் அந்தத் தொகையைச் சொல்லியிருப்பார், காகிதம் அவருக்கு இலவசம். உங்களுக்கோ அதுதான் முக்கியம். சாமான் எதையும் நகர்த்துவதற்கு முன்னால் காகிதத்தைப் பிரித்து வையுங்கள், அதுவும் அம்மா அந்த வீட்டில் இருக்கும்போதே.

மூலப் பத்திரம், பட்டா, பழைய பாஸ்புக், பங்குப் பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் ஒரு பையில் போகட்டும். பஞ்சாங்கத்துக்குள், சாமி படத்துக்குப் பின்னால், பீரோ தட்டில் விரித்த தாளுக்கு அடியில் எல்லாம் பாருங்கள். ஒரு வீட்டில் அப்படி விரித்திருந்த தாளே பங்குப் பத்திரமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும், ஆனால் தொலைந்துவிடாது; அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட், அதாவது கம்பெனி தரும் லாபப் பணம், வாங்காமல் விட்ட பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அதையும் திரும்பக் கேட்கலாம், விண்ணப்பத்துக்கு அரசு கட்டணம் கிடையாது. இங்கேதான் “மீட்டுத் தருகிறோம், வருவதில் ஒரு பங்கு கொடுங்கள்” என்று போன் செய்பவர்கள் நுழைகிறார்கள். அவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் பிழைப்பதே இந்த நடைமுறையின் லட்சணத்தால்தான்: இனிஷியல் மாறினால் ஒரு அஃபிடவிட், அப்பா முப்பது வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு கடிதம், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. பொறுமையாக நீங்களே செய்யுங்கள், இல்லை தெரிந்த ஆடிட்டரிடம் கொடுங்கள்.

ஓலைச்சுவடி மட்டும் தனிக்கதை. வேண்டாததைக் கழிப்பது என்ற பேச்சில் அதைச் சேர்க்கவே கூடாது. கயிற்றை அவிழ்க்காதீர்கள், ஏட்டின் வரிசை கலைந்தால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு. ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பூச்சி வராது என்று யார் சொன்னாலும் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடுங்கள் என்று உறவினர் யாராவது நிச்சயம் சொல்வார்கள், அப்படித்தான் எத்தனையோ ஏடுகள் போயின. எழுபத்தைந்து வருடம் தாண்டிய, மதிப்புள்ள சுவடி தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. வெறும் ஜாதகக் கட்டாகவும் இருக்கலாம்தான், ஆனால் அதைப் படித்துச் சொல்ல வேண்டியது படிக்கத் தெரிந்தவர். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன, தஞ்சாவூர் சரஸ்வதி மகால் உங்களுக்குப் பக்கம். பழைய பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் இருந்தால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

போட்டோக்களை அம்மா மடியில் போட்டு, யார் யார் என்று கேட்டு, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் பதிந்துவிடும். அவர் பேசுவதை போனில் பதிவும் செய்யுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பத்துப் படத்துக்கு மேல் அவருக்கே அலுத்துவிடும்.

பித்தளையை எடைக்குப் போடலாம், தவறில்லை. அதற்கு முன் ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயர் வெட்டியிருக்கிறதா பாருங்கள். யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்பது சில வீடுகளில் அண்டாவில் மட்டும்தான் எழுதியிருக்கும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து விழும், அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அண்டாவை அனுப்பிவிடுங்கள்.