கிராஃபிக் டிசைன் படிக்கலாமா? அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு தந்தைக்குப் பதில்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மும்பை லோயர் பரேல் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டும் உங்களுக்கு இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தையும் படத்தையும் அட்டையில் வெட்டி ஒட்டிய பேஸ்ட்-அப் ஆர்ட்டிஸ்டுகள் காணாமல் போனதையும், அவர்கள் இடத்துக்கு வந்த, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி ஆபரேட்டர்கள் குறைந்துபோனதையும் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். "இப்போது ஏஐ படம் போட்டுத் தருகிறது. காமர்ஸ் படிக்கும் பையன் இதில் போய் விழ வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த ஆட்களுக்கு ஏன் வேலை போனது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒரு விளம்பரம் எப்படித் தயாரானது? ஆர்ட்டிஸ்ட் பென்சிலில் லேஅவுட் போடுவார். எழுத்துக் கோத்து, அதைப் போட்டோ தாளில் பதித்து, புரோமைடு எடுத்து வருவார்கள். அதைப் பிளேடால் நறுக்கி, ரப்பர் சொல்யூஷன் தடவி, அட்டையில் ஒரு நூல்கூடக் கோணாமல் ஒட்டுவதற்கே தனி ஆள் இருந்தார். கட்டமும் கோடும் போட ரோட்ரிங் பேனா. ஆங்கிலத் தலைப்பு என்றால் லெட்ராசெட் தாளைத் தேய்த்து எழுத்தை இறக்குவார்கள். தமிழ்த் தலைப்பைப் பெரும்பாலும் கையால்தான் எழுத வேண்டும். அப்புறம் கேமரா ரூம், நெகட்டிவ், பிளேட். கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் போன் நம்பரை மாற்றினால், அந்த ஒரு வரிக்காகத் திரும்ப புரோமைடு எடுத்து ஒட்ட வேண்டும்.

1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தது. அடுத்த ஆண்டே லேசர்ரைட்டர் பிரிண்டரும் பக்கம் அமைக்கும் மென்பொருளான ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கரும் வந்தன. திரையில் அடுக்கிய பக்கம் அப்படியே தாளில் இறங்கியது. படம் வரையும் மென்பொருள்களான அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல், கோரல்டிரா 1989-ல், புகைப்படங்களைத் திருத்தும் போட்டோஷாப் 1990-ல். ஆறே ஆண்டுகளில், பல பேர் கைமாற்றிச் செய்த வேலை ஒரு மேசைக்கு வந்துவிட்டது.

இதில் இல்லஸ்ட்ரேட்டரும் கோரலும் செய்ததுதான் பெரிய காரியம் என்பேன். வளைகோட்டைச் சில புள்ளிகளாலும், அந்தப் புள்ளிகளிலிருந்து நீளும் கைப்பிடிகளாலும் கணக்காகச் சொல்லிவிடலாம் என்ற முறையை அவை ஓவியர் கையில் கொடுத்தன. பியர் பெசியே என்ற பொறியாளர் 1960-களில் ரெனோ நிறுவனத்தில் காரின் உடல் வளைவுகளை வடிவமைக்கப் பயன்படுத்திய முறை அது. கோடு கணக்காகிவிட்டதால், விசிட்டிங் கார்டுக்குப் போட்ட லோகோவைத் தாதர் பாலத்தருகே ஹோர்டிங்காக வைத்தாலும் ஓரம் உடையாது.

சரி, போனது எது? நேராக வெட்டுவது, ஒட்டுவது, மை சிந்தாமல் கோடு இழுப்பது. அந்தத் திறமைகள் பல வருடப் பழக்கத்தில் வந்தவை, மரியாதைக்குரியவை. அவை போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் எந்த வரி முதலில் கண்ணில் பட வேண்டும், எங்கே வெற்றிடம் விட வேண்டும், இந்தக் கடைக்கு இந்த நிறம் பொருந்துமா என்ற முடிவுகளை எந்த மென்பொருளும் எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்த முடிவுகளை எடுக்கத் தெரிந்தவர்கள் மவுஸுக்கு மாறித் தொழிலில் நீடித்தார்கள். டிடிபி கதையும் இதுதான். பேஜ்மேக்கரின் மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், 1999-ல் இன்டிசைன் என்ற புதிய மென்பொருள் வந்து பேஜ்மேக்கர் ஓரங்கட்டப்பட்டதும் திண்டாடினார்கள். பக்கம் அமைக்கத் தெரிந்தவர்களோ புதிய மெனுவைப் பழகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதனால் நீங்கள் விசாரித்த அந்த ஆறு மாதக் கோர்ஸில் இப்போது பணம் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போட்டோஷாப், கோரல், இல்லஸ்ட்ரேட்டர் மூன்றும் சேர்த்து, வேலை உத்தரவாதத்துடன் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் மெனு அறிவு. திருவிழா பேனர், பண்டிகை வாழ்த்து, சாதாரண சோஷியல் மீடியா போஸ்ட் ஆகியவற்றைக் கேன்வாவும் ஏஐ கருவிகளும் வைத்துக் கடைக்காரரே செய்துகொள்ளும் காலம் இது. அந்த வேலை மட்டும்தான் இலக்கு என்றால், டிசைனே வேண்டாம் என்றுதான் உங்கள் மகனுக்குச் சொல்வேன்.

அவனுக்கு டிசைனை முடிவு செய்யும் கண் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 'ஞ' என்ற எழுத்தை ஒரு முழுத்தாள் அளவுக்கு, தடித்த எழுத்தாகப் பென்சிலில் வரையச் சொல்லுங்கள். வளைவு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று அவனே முடிவு செய்யட்டும். பிறகு இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அதையே, புள்ளி வைத்துக் கோடு போடும் பென் டூலால் வரையட்டும். முதலில் புள்ளிகளைக் கண்டபடி வைப்பான், கோடு நெளியும். புள்ளி கூடினால் கோடு சுத்தமாக வராது. ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரில் அந்த ஃபைலைக் கொடுத்தால் கத்தி தத்தித் தத்திப் போகும். வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, கைப்பிடியை இழுத்துச் சரி செய்யப் பொறுமை இருக்கிறதா, அழித்து அழித்து மறுபடி உட்காருகிறானா என்று கவனியுங்கள். எரிச்சலோடு எழுந்து போனால் அதுவும் ஒரு தகவல்தான். தையல்காரர் துணியைத் தொட்டதும் தரம் சொல்வதுபோல, இதைப் பார்த்து நீங்களே முடிவுக்கு வந்துவிடலாம்.

தமிழ் எழுத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் அனுப்பிய ஃபைலை அச்சகத்தில் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏஐ வரைந்து தரும் போஸ்டர்களிலும் தமிழ் பிழையாக வருவதுண்டு. இந்திய எழுத்துகளை நன்றாகக் கையாளும் டிசைனருக்கு மும்பையில் இடம் இருக்கிறது. நமது ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் தமிழர். சென்னையில் கட்டிடக்கலை படித்துவிட்டு, பவாயில் உள்ள ஐஐடி பாம்பேயின் ஐடிசி டிசைன் பள்ளிக்கு வந்து, தமிழ் எழுத்துருவியலிலேயே முனைவர் ஆய்வு செய்தவர். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு அந்தக் குறியீட்டை ஏற்றது.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். காமர்ஸ் மாணவரும் எழுதக்கூடிய யூசீட் என்ற டிசைன் நுழைவுத் தேர்வை ஐஐடி பாம்பே நடத்துகிறது. வழக்கமாக அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. அதில் கையால் வரையும் பகுதியும் உண்டு. பாம்பே, குவாஹாத்தி, ஐதராபாத் உள்ளிட்ட ஐஐடிகளில் பி.டெஸ் என்ற டிசைன் இளநிலைப் படிப்பில் சேர இதுவே வழி. போட்டி கடுமை, இடங்கள் குறைவு. அதனால் மும்பையின் கலைக் கல்லூரியான சர் ஜே.ஜே.யின் அப்ளைடு ஆர்ட் படிப்பையும் பட்டியலில் வையுங்கள். ஐஐடியைவிட, உங்கள் மகனைப் போல் கையால் எழுத்து வரைவதில் ஆர்வம் உள்ள பையனுக்கு அது இன்னும் பொருத்தம் என்று நினைக்கிறேன். நுழைவு விதிகளை அந்தந்த ஆண்டு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எலிமென்டரி, இன்டர்மீடியட் டிராயிங் தேர்வுகள் எழுதியிருந்தால் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

இடைப்பட்ட மாதங்களில் அவனை ஒருநாள் உங்கள் அச்சகத்துக்கு அழைத்துப் போங்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் நான்கு மை சேர்ந்து தாளில் ஏன் மங்குகிறது, வெட்டும் கோட்டுக்கு வெளியே படத்தைக் கொஞ்சம் நீட்டி ப்ளீட் விடாத ஃபைலை அச்சடித்து வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கீற்று எப்படி வருகிறது என்று காட்டுங்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள்.

லேப்டாப் கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரி முடிவாகும் வரை பொறுங்கள், இன்க்ஸ்கேப் சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஓடும். வாங்கும்போது ரேம் 16 ஜிபி இருக்கட்டும். கடைக்குப் போகும்போது நீங்கள் அச்சடித்த ஒரு நல்ல கலர் ஷீட்டையும் அதன் ஃபைலையும் எடுத்துப் போங்கள். திரையில் திறந்து, பக்கத்தில் தாளைப் பிடித்துப் பார்த்தால், எந்தத் திரை நிறத்தைச் சரியாகக் காட்டுகிறது என்று கடைக்காரரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.