உங்கள் பூர்வீகத்தைச் சொல்லி யாராவது கேலி செய்திருக்கிறார்களா? எப்படிச் சமாளித்தீர்கள்?

செய்திருக்கிறார்கள், அதுவும் இரண்டு பக்கமிருந்தும்.

ஊர் மலேசியாவின் ஈப்போ. அப்பா பஞ்சாபி, அம்மா தமிழ். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பெயருக்குப் பின்னால் சீக்கியப் பெண்களுக்கு வரும் 'கௌர்' இருப்பதை விட்டால் சீக்கியம் என்பது எனக்கு வைசாகிப் பண்டிகை அன்று சீக்கியக் கோயிலான குருத்வாராவில் சாப்பாடு, அவ்வளவுதான். பதினான்கு வயதில் பீஜி, அதாவது அப்பாவின் அம்மா, எங்களோடு தங்க வந்தார். விடியற்காலையில் அவர் முணுமுணுக்கும் ஜப்ஜி சாகிப் என்ற சீக்கியக் காலைப் பிரார்த்தனை என்னவென்று கேட்கப்போய்த்தான் எல்லாம் ஆரம்பித்தது. பஞ்சாபியை எழுதும் குர்முகி அரிச்சுவடிக்குப் பெயரே 'பைந்தி', முப்பத்தைந்து என்று அர்த்தம், ஏனென்றால் அடிப்படை எழுத்து 35. நம் 247ஐப் பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று உட்கார்ந்தேன். நாம் ஒரே 'த'வை வைத்துச் சமாளிக்கும் இடத்தில் அவர்களுக்கு நான்கு எழுத்து, நாக்கு சுளுக்கிக்கொண்டது.

அப்புறம் கையில் கடா, அதாவது சீக்கியர்கள் அணியும் இரும்பு வளையம், போட்டேன், முடி எடுப்பதை நிறுத்தினேன். முடியை வெட்டாமல் விடும் சீக்கிய நெறிதான் கேஷ், அது தலைமுடி மட்டுமல்ல, கைமுடி, மேலுதட்டு முடி எல்லாம்தான். படிவம் மூன்றில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படிக்கிற பெண்ணுக்கு இது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. "ஏய் பெங்காலி, இன்னிக்கு ஷேவ் பண்ணலையா?" என்று கேட்டவர்கள் என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பையன்கள், அதுதான் வலித்தது. கட்டொழுங்கு ஆசிரியர் கடாவை நகை என்று நினைத்துக் கழற்றச் சொன்னார், அப்பா வந்து பேசியதும் விட்டுவிட்டார்.

சரி, ஏன் பெங்காலி? அந்தக் காலத்தில் பஞ்சாபிகள் வங்காளத்தின் கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறி வந்தார்கள், அதனால் மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா தைப்பிங்கில் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் என்ற பிரிட்டிஷ் காலப் படையில் சிப்பாய், 1919இல் படையைக் கலைத்த பிறகும் ஊர் திரும்பவில்லை. இதை வகுப்பில் விளக்கிப் பார்த்தேன், ஒருவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு பக்கம் குருத்வாரா. லங்கர் என்ற பொதுச் சமையலறையில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆன்ட்டி பக்கத்திலிருந்தவரிடம் பஞ்சாபியில், "கறுப்பா இருக்கே, அந்தத் தமிழ்க்காரி மகளா?" என்றார். எனக்குப் புரியாது என்ற தைரியம். சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே வைத்த லங்கரில் இந்தப் பேச்சு! நான் வாயைத் திறப்பதற்குள், பருப்பைக் கிளறிக்கொண்டிருந்த பீஜி, என் அம்மாவிடம் கற்ற உடைந்த தமிழில், அந்த ஆன்ட்டிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது என்று தெரிந்தே, சத்தமாக, "ஆமா, என் மருமக தமிழ்தான், என்ன இப்ப?" என்றார். கரண்டி கையில் இருந்தது.

நான் சமாளித்தேன் என்று சொல்ல முடியாது, பீஜிதான் சமாளித்தார். இப்போது பத்தொன்பது வயது, கடா கையில்தான் இருக்கிறது. போன வருடம் அக்கா கல்யாணத்துக்கு மட்டும் மேலுதட்டில் நூல் போட்டேன். பீஜிக்குத் தெரியாது.