மத்திய அரசா, மாநில அரசா: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: எங்கள் ஊருக்குள் போகும் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேட்டால் "அது சென்ட்ரல் ரோடு" என்கிறார்கள். எம்.பி. அலுவலகத்தில் கேட்டால் "மாநிலத் துறையைத்தான் பார்க்கணும்" என்கிறார்கள். எது யாருடைய வேலை என்று சாதாரண ஆள் எப்படித் தெரிந்துகொள்வது? அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் படித்தால் போதுமா?

பதில்: போதாது. அந்த அட்டவணை சொல்வது ஒன்றைத்தான், எந்த விஷயத்தில் யார் சட்டம் இயற்றலாம் என்பதை: மத்தியப் பட்டியலில் இருப்பவற்றுக்கு நாடாளுமன்றம், மாநிலப் பட்டியலில் இருப்பவற்றுக்குச் சட்டமன்றம், பொதுப்பட்டியலில் இருப்பவற்றுக்கு இரண்டும். அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது யார், அதற்குப் பணம் கொடுப்பது யார் என்பவை தனிக் கேள்விகள், மூன்றுக்கும் ஒரே பதில் வராத இடங்கள் ஏராளம். மனு எழுதப்போகிற உங்களுக்கு முக்கியம் நடைமுறைப்படுத்துவது யார் என்பதுதான், ஆனால் எல்லோரும் அட்டவணையைக் காட்டியே உங்களைத் திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் சாலையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு அலுவலகமும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியலில் இருக்கிறது, சரி. ஆனால் எல்லா தேசிய நெடுஞ்சாலைகளையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நேரடியாகப் பராமரிப்பதில்லை. சிலவற்றை மத்திய அரசின் பணத்தில் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குள் இருக்கும் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்த்துக்கொள்கிறது. புறவழிச்சாலை வந்தபின் ஊருக்குள் இருக்கும் பழைய பாதையை மாநிலத்திடமே ஒப்படைத்துவிட்ட ஊர்களும் உண்டு. அதனால் முதலில் அந்தச் சாலைக்கு இப்போதும் தேசிய நெடுஞ்சாலை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தப் பகுதி ஆணையத்திடமா மாநிலப் பிரிவிடமா என்று கேளுங்கள். ஆணையம் என்றால் திட்ட இயக்குநருக்கு, மாநிலப் பிரிவு என்றால் கோட்டப் பொறியாளருக்கு மனு போகட்டும்.

இந்தக் குழப்பம் சாலைக்கு மட்டும் சொந்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் நாடாளுமன்றம் இயற்றியது, ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகமோ மாநில அரசுடையது. 2019-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை ஏற்றியபோது, இடத்திலேயே கட்டி முடிக்கும் தொகையை நிர்ணயிக்க மாநிலங்களுக்கு இருக்கும் அதிகாரத்தை வைத்து குஜராத் பல அபராதங்களைக் குறைத்தது. ரயில் மத்திய அரசுடையது, ஆனால் ஓடும் ரயிலில் பை திருடுபோனால் வழக்குப் பதிவது மாநிலக் காவல்துறையின் பகுதியான ரயில்வே போலீஸ். மாநிலப் பட்டியலில் 'காவல்துறை' என்ற இனத்துக்குள்ளேயே ரயில்வே போலீசும் வருகிறது. ஆர்.பி.எஃப். என்பது வேறு, அது ரயில்வே சொத்தையும் பயணிகளையும் பாதுகாக்கும் மத்தியப் படை.

இனி பட்டியல்களுக்கு வருவோம். 1950-இல் மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப்பட்டியலில் 47 இனங்கள். பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், வங்கி முதலாவதில். காவல், நிலம், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி இரண்டாவதில். மூன்றிலும் இல்லாத எதுவும் மத்திய அரசுக்கே போகும். அமெரிக்காவில் இது தலைகீழ், மிச்சமிருப்பது மாநிலங்களுக்கு என்று 1791-இன் பத்தாவது திருத்தம் சொல்கிறது.

சண்டையெல்லாம் பொதுப்பட்டியலில்தான். இருவரும் சட்டம் போடலாம், மோதினால் பிரிவு 254-இன்படி மத்தியச் சட்டமே நிற்கும், மோதும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. ஒரு வழி திறந்திருக்கிறது: மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த மாநிலத்துக்குள் அதுவே செல்லும். 2017-இல் ஜல்லிக்கட்டு மீண்டது இப்படித்தான். 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது, ஒப்புதல் கிடைத்தது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நீட் விலக்கு மசோதாக்களும் அதே வாசலுக்குத்தான் போயின, ஒப்புதல் கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர் என்பதால், இந்த வழி திறப்பதும் மூடுவதும் கடைசியில் டெல்லியின் அரசியல் முடிவுதான். அப்படி ஒப்புதல் வாங்கிய சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னர் வேறொரு சட்டம் போட்டு மாற்றலாம், அதற்கும் தடையில்லை.

நீட் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1976-இன் 42-வது திருத்தம் கல்வி, காடு உட்பட ஐந்து இனங்களைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. கல்வியைத் திரும்ப மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மேடையில் சொல்கிறார்கள். கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலின் 66-வது இனம். அது ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது, கல்வி மாநிலப் பட்டியலில் இருந்த காலத்திலும் அந்த இனத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் இருந்தது. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

அப்புறம் பணம். மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதி ஆணையம். 15-வது நிதி ஆணையம் பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் 41 சதவீதத்தை எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் மத்திய அரசுக்குக் கூடுதலாக வசூலாவது இந்தப் பகிர்வுக்கு வெளியே நிற்கிறது. மாநிலங்கள் புலம்புவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து ஜி.எஸ்.டி. வரி பற்றி முடிவெடுக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு தேவை. கணக்குப் போட்டுப் பாருங்கள், மத்திய அரசு வேண்டாம் என்றால் எல்லா மாநிலங்களும் சேர்ந்தாலும் நடக்காது.

உங்களுக்கு இது எங்கே உதவும் என்றால், திட்டங்களில். மத்திய நிதியுதவித் திட்டங்கள் பலவற்றில் பங்கு 60:40, வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. விதி வகுப்பது பெரும்பாலும் மத்திய அமைச்சகம், பயனாளியிடம் விண்ணப்பம் வாங்கிச் சரிபார்ப்பது மாநிலத்தின் அல்லது உள்ளாட்சியின் அலுவலர். விண்ணப்பம் மேசையில் தூங்கினால் மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். தகுதி விதியே தவறு என்றால் ஆட்சியரால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு எம்.பி.யைப் பிடியுங்கள், அமைச்சகத்துக்கு எழுதுங்கள். "மேலிருந்து நிதி வரவில்லை" என்று சொன்னால், எந்தப் பங்கு வரவில்லை, மத்தியப் பங்கா மாநிலப் பங்கா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தாகவே கேளுங்கள். வாய்வார்த்தையாக வரும் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த அலுவலகத்துக்கு ஓட வேண்டாம்.