பூண்டும் ஓமமும் ஆன்டிபயாடிக் வேலையைச் செய்யுமா?

கேள்வி: தேவகோட்டை பக்கம் கொட்டகையில் 500 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். குஞ்சு இறங்கிய நாளிலிருந்து தண்ணீரில் ஆன்டிபயாடிக் பவுடர் கலந்துதான் பழக்கம். காரைக்குடி ஹோட்டல்காரர்கள் இப்போது மருந்து போடாத கோழி கேட்கிறார்கள். பவுடரை நிறுத்திவிட்டு மஞ்சள், பூண்டு, ஓமம் கொடுத்தால் போதுமா?

பதில்: பவுடரைத் தாராளமாக நிறுத்துங்கள். நோயே இல்லாத குஞ்சுக்குத் தினமும் ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிச்சமாகும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-இல் தடை போட்டது. உங்கள் பாக்கெட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் மூலிகை நல்லா இருக்கிற குஞ்சின் குடலைக் காக்கும். படுத்துவிட்ட கோழியை எழுப்பாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஓமத்தின் காரமான வாசம் அதன் எண்ணெயில் உள்ள தைமால் என்ற பொருளால் வருவது. அது பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கும். தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் ஓம எண்ணெயைத் தண்ணீர்க் குவளையில் விட்டால் மேலே மிதக்கும். முதலில் வரும் நாலு கோழி குடித்து வாய் எரிந்து நிற்கும். ஓமத்தை அரைத்துத் தீவனத்தில் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. பூண்டில் கிருமியை அடக்கும் அல்லிசின் உண்டாவது பல்லை நசுக்கிய பிறகுதான். முழுப் பல்லாக வேகவைத்தால் பலன் பெரும்பாலும் போய்விடும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு, கலந்த தீவனத்தை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மஞ்சள்தூள் கிலோ தீவனத்துக்கு 5 கிராம், கூடவே துளி மிளகுத்தூள். மிளகு இருந்தால் மஞ்சளின் சத்தான குர்குமின் உடம்பில் நன்றாக ஏறும். சில்லறைத் தூளில் ஈயச் சாயம் கலப்பது உண்டு. விரலி மஞ்சள் வாங்கி நீங்களே மில்லில் அரையுங்கள். (கோழிக்குழம்புக்குப் போகிற சாமானில் பாதியைக் கோழி உயிரோடு இருக்கும்போதே தின்றுவிடும், போங்கள்!)

இத்தனையும் செய்து, தரை ஈரமாக இருந்தால் வீண். தரையில் பரப்பிய உமியில் ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ரத்தக்கழிச்சல் தூரத்தில் இல்லை. ஐப்பசி மழையில் மூணு முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு இது அதிகம். கிளறிக் காயவிடுங்கள், தண்ணீர்க் குவளை அடியில் நனைந்ததை அள்ளிக் கொட்டுங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் ஈரலைக் கெடுக்கும். முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதற்கு மூலிகையும் கேட்காது, ஆன்டிபயாடிக்கும் கேட்காது, தடுப்பூசிதான். முதல் வாரத்தில் சொட்டு மருந்து, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் ஊசி.

கோழி சிறகைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நின்றால் கஷாயம் காய்ச்சி ரெண்டு நாளை ஓட்டாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் கொடுங்கள்; விற்கக் கூடாத நாட்கள் எத்தனை என்று கேட்டு, அது முடியும்வரை அந்தத் தொகுதியை ஹோட்டலுக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்த தொகுதியில் 500 கோழியையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். கொட்டகை நடுவே தடுப்பு வைத்து, ஒரு பக்கம் மூலிகைத் தீவனம், மறுபக்கம் சாதாரணத் தீவனம். பவுடர் ரெண்டு பக்கமும் கிடையாது. வாரம் ஒருநாள் பக்கத்துக்குப் பத்துக் கோழியை எடைபோட்டு, சாவுக் கணக்கையும் எழுதிவாருங்கள்.