நெடுந்தூர சைக்கிள்: கேள்வி பதில்

காட்பாடி: திருவண்ணாமலை போகும்போது கண்ணமங்கலம் தாண்டி பஞ்சர். புது டியூப் மாட்டினேன். போளூர் போவதற்குள் அதுவும் போச்சு. டியூப் மட்டமா சார்?

டியூப் மேல் பழி இல்லை. முள் டயரிலேயே இருக்கிறது. நம் பக்கம் சாலையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். அந்த முள்ளின் நுனி ரப்பருக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும், வெளியே தெரியாது. காற்று ஏறி டியூப் உப்பியதும் மறுபடி குத்தும்.

டயரின் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டுங்கள். பஞ்சரானால் டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டயரிலும் அதே இடத்தைத் தேடுங்கள். பிறகு பஞ்சால் டயரின் உள்பக்கம் முழுவதும் தடவுங்கள். முள் இருந்தால் பஞ்சு சிக்கும். சின்ன சாமணம் ஒன்று பையில் இருக்கட்டும். அருகருகே இரண்டு ஓட்டை என்றால் அது முள் அல்ல, காற்று குறைந்து ரிம்மில் டியூப் நசுங்கியது.

ராணிப்பேட்டை: 28 மி.மீ. அகல டயர், என் எடை 70 கிலோ. எவ்வளவு காற்று?

பின்னால் 75–80, முன்னால் 70 பிஎஸ்ஐ. டயரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அவ்வளவு அடிக்கத் தேவையில்லை.

ஆரணி: பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) நேர வரம்பு?

200 கி.மீ.க்கு 13½ மணி, 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் இதற்குள்தான்.

குடியாத்தம்: வெயிலில் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தும் தலைவலி, வாந்தி.

வெறும் தண்ணீராகக் குடித்ததுதான் காரணமாக இருக்கும். வியர்வையில் உப்பு போகிறது, வெறும் தண்ணீர் மிச்ச உப்பையும் நீர்க்க வைக்கிறது. கை விரல் வீங்கி, பேச்சு குழறினால் தண்ணீரை நிறுத்தி உடனே மருத்துவமனை போக வேண்டும். மருந்துக் கடை ஓஆர்எஸ் பொடி வாங்குங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, அதை 750 மில்லி பாட்டிலில் கொட்டாதீர்கள். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் என்றால் 600 மில்லிக்கு மூன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாலாஜா: டியூப்லெஸ் போட்டால் முள் தொல்லையே இல்லையே அண்ணா, ஏன் இன்னும் டியூபைக் கட்டி அழுகிறீர்கள்?

டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் பால் சின்ன முள் ஓட்டையை அடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் சித்திரை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

வாலாஜா: பிளக் (டயர் ஓட்டையில் செருகும் ரப்பர் திரி) இருந்தால் போதும், டியூப் சுமக்க வேண்டாம்.

வாணியம்பாடி: நானும் அதைத்தான் சொல்கிறேன்.

இருவரும் கேளுங்கள். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் பிளக் நிற்காது. உள்ளே பழைய டயர் துண்டு வைத்து, டியூப் போட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அப்போது, பால் அடைத்து வைத்த அத்தனை முள்ளும் அந்த டயரிலேயே இருக்கும். தடவாமல் டியூப் போட்டால் நூறு மீட்டர் தாண்டாது. ஆகவே டியூப்லெஸ்காரர்களுக்குத்தான் டியூபும் பஞ்சும் சாமணமும் கூடுதல் அவசியம்.

திருப்பத்தூர்: ஏலகிரி இறக்கத்தில் பிரேக் கட்டை தீயும் வாசனை.

14 வளைவுக்கும் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், திரும்பும்போது விட்டுவிடுங்கள். ரிம் ஆற அந்த இடைவெளி வேண்டும்.

ஆம்பூர்: 80 கி.மீ. தாண்டினால் முட்டி முன்பக்கம் வலி.

பெரும்பாலும் சீட் தாழ்வு. குதிகாலைப் பெடலில் வைத்து அடியில் இறக்கினால் கால் நேராக வேண்டும். 5 மில்லிமீட்டராக ஏற்றுங்கள். வலி முட்டியின் பின்னால் என்றால் இறக்குங்கள்.

பேரணாம்பட்டு: ஒரே வாரத்தில் நாலு பஞ்சர், எல்லாம் வால்விலிருந்து ஒரே தூரத்தில்.

முதல் பதிலிலேயே இருக்கிறது. முள் அதே இடத்தில்தான், தடவுங்கள். ஓட்டை டியூபின் ரிம் பக்கம் இருந்தால் மட்டும் ரிம் டேப்பை (ரிம்மின் உட்புறம் டியூபைக் காக்கும் பட்டை) மாற்றுங்கள்.