மார்பகக் குறைப்பு சிகிச்சைக்குப் பிறகு எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: எனக்கு 38 வயது. பள்ளி ஆசிரியை. பல வருடமாகக் கழுத்து வலி, தோளில் பிரா பட்டை பதிந்து பள்ளம், வெயில் காலத்தில் மார்புக்கு அடியில் புண். அடுத்த மாதம் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன். சிகிச்சைக் கட்டணம் போக, ‘ரெக்கவரி கிட்’ என்று தனியாக 18,000 ரூபாய் கேட்கிறார்கள். இரண்டு கம்ப்ரெஷன் பிரா, சிலிகான் ஷீட், தழும்பு கிரீம், சாய்வுத் தலையணை, புரோட்டீன் பவுடர் எல்லாம் அதில் சேர்த்தி. அங்கேயே வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டியதில்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில், மருந்தை எங்கே வாங்குவது, பரிசோதனையை எங்கே செய்வது என்று நோயாளியே முடிவு செய்யலாம் என இருக்கிறது. மருந்துக்கே அப்படி என்றால் பிராவுக்கும் தலையணைக்கும் சொல்லவே வேண்டாம். ‘கிட்’ என்று மொத்தமாக ஒரு விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பிராண்ட், அளவு, எம்.ஆர்.பி. தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே பாதி பட்டியல் சுருங்கிவிடும்.

அந்தப் பட்டியலில் முக்கியமானது பிராதான். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் வரை இரவும் பகலும் போட்டிருக்கச் சொல்வார்கள். வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், தையல் மேல் இழுவை விழாமல் தாங்கிக்கொள்வதும் அதன் வேலை. பல இடங்களில் ஆபரேஷன் தியேட்டரிலேயே முதல் பிராவை மாட்டி அனுப்புவார்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது, ‘அந்த முதல் பிரா பேக்கேஜில் அடங்குமா?’ என்பது. அடங்கும் என்றால், முன்கூட்டியே நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு வரப்போகும் அளவு இப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. வீக்கமும் வாரத்துக்கு வாரம் மாறும். முதல் டிரெஸ்ஸிங் மாற்றும் நாளில் அளவெடுத்து, மாற்றிக்கொள்ள இன்னும் ஒன்றிரண்டு வாங்கினால் போதும். நம் ஊர் வியர்வைக்கு ஒரே பிராவோடு தள்ள முடியாது. துவைத்துக் காய ஒன்று, உடம்பில் ஒன்று, மழை நாளுக்கு ஒன்று என்று மூன்று இருந்தால் நிம்மதி.

கடையில் எதைப் பார்ப்பது? முன்பக்கம் திறக்க வேண்டும். முதல் சில வாரம் கையை மேலே தூக்கக் கூடாது என்பதால், தலைவழியாகப் போடுகிற ஸ்போர்ட்ஸ் பிரா ஆகாது. ஜிப்பை விட, இரண்டு மூன்று வரிசை ஹூக் வைத்தது நல்லது. வீக்கம் கூடினால் தளர்த்தலாம், வடிந்தால் இறுக்கலாம்; ஜிப்பில் அது முடியாது. பட்டை அகலமாக இருக்கட்டும். உள்பக்கம் பருத்தித் துணியா என்று பாருங்கள். அப்புறம் அடிப்பட்டையை விரலால் தடவிப் பாருங்கள். மார்பின் கீழ் மடிப்பில்தான் நீளமான தையல் வரும். பட்டையின் முரட்டு ஓரம் அங்கே உராய்ந்தால் படுக்கவே முடியாது. கம்பி வைத்த பிராவை டாக்டர் சரி என்று சொல்லும் வரை தொடாதீர்கள். பெரும்பாலும் மூன்று மாதம் ஆகும்.

இறுக்கமாக இருந்தால் சீக்கிரம் ஆறும் என்று கடைக்காரர் சொல்லலாம். நம்ப வேண்டாம். மூச்சை நன்றாக இழுத்துவிட முடிய வேண்டும், பட்டைக்குள் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். கழற்றும்போது தோலில் ஆழமாகத் தடம் விழுந்திருந்தால் அது உங்கள் அளவு இல்லை. இந்த வகைக்கென்றே விற்கிற விலை உயர்ந்த பிராண்டுதான் வேண்டும் என்றும் இல்லை. மேலே சொன்னதெல்லாம் இருக்கிற சாதாரண முன்ஹூக் பிராவை டாக்டரிடம் காட்டி, சரி என்றால் அதையே போடலாம்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளாடையைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பல தளங்களில் போட்டிருக்கும். அளவு சரியில்லை, பிடிக்கவில்லை என்றால் அந்த நிபந்தனை உங்களைக் கட்டும். ஆனால் பழுதான பொருள், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் வந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி விற்பவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. பருத்தி என்று போட்டு நைலான் அனுப்பினால் அது இதில்தான் வரும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தழும்பின் மேல் ஒட்டுகிற சிலிகான் ஷீட்டுக்கு இப்போது அவசரமே இல்லை. காயம் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகுதான் அதை ஒட்டலாம். தையல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஆறாது. அப்போதுகூட ஷீட் அல்லது சிலிகான் ஜெல், இரண்டில் ஒன்று போதும். ஷீட்டைக் கழுவிக் கழுவிப் பல நாள் ஒட்டலாம். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேலாக, இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து போட்டால்தான் பலன் தெரியும். வெங்காயச் சாறு சேர்த்த கிரீம்களுக்கு அவ்வளவு வலுவான ஆதாரம் இல்லை. தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும், மங்குவதற்கு ஒரு வருடம் வரை ஆகலாம். அதைப் பார்த்துப் பயந்து புதுப்புது டியூப் வாங்குவதுதான் வீண் செலவு.

சாய்வுத் தலையணைக்கு வீட்டிலுள்ள இரண்டு தலையணையும் மடித்த போர்வையும் போதும். மல்லாந்து, தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். புரோட்டீன் பவுடருக்குப் பதில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் சாப்பிடுங்கள். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று யாராவது தடுப்பார்கள். அதில் உண்மை இல்லை. புண் ஆறப் புரதம் வேண்டும்.

மிச்சமாகிற பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டால், என் பதில் தயங்காமல் ஒன்றுதான்: வீட்டு வேலைக்கு ஆள். முதல் மூன்று நான்கு வாரம் குடம் தூக்குவது, ஈரத்துணி பிழிந்து கொடியில் போடுவது, மாவுக் கிரைண்டரின் கல்லைத் தூக்கிக் கழுவுவது, குழந்தையை இடுப்பில் வைப்பது எதுவும் கூடாது. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, அதை நகர்த்தவும் கூடாது. நம் வீடுகளில் பெண்கள் டிஸ்சார்ஜ் ஆன நான்காம் நாளே அடுப்படியில் நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். எந்தக் கிரீமும் அந்த ஓய்வுக்கு ஈடாகாது. அம்மா, மாமியார், கணவர் யார் எந்த வேலை என்று முன்பே பேசி வையுங்கள். ஆள் இல்லை என்றால் அந்த 18,000-த்தில் ஒருவரை அமர்த்துங்கள். ஸ்கூட்டரையும் டாக்டர் சொல்லும் வரை எடுக்க வேண்டாம், ஆட்டோவுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்று: நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தலாம் என்கிற நிலை முன்பே வந்துவிடும், கரும்பலகையில் தோளுக்கு மேல் கையைத் தூக்கி எழுதுவதற்கு இன்னும் நாளாகும். லீவு கேட்கும்போது இதைச் சொல்லுங்கள்.

முன்பக்கம் ஜிப் அல்லது பட்டன் வைத்த பருத்தி நைட்டி நான்கு, ஒரு தெர்மாமீட்டர். சில வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரலாம், அதற்கு ஏதாவது வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியது இவ்வளவுதான்.

கேள்வி: என் மனைவிக்கு இதே சிகிச்சை. ஹெல்த் இன்சூரன்ஸ் 5 லட்சத்துக்கு இருக்கிறது. ‘இது அழகுக்கான சிகிச்சை, கிடைக்காது’ என்று ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், ஈரோடு

பதில்: பாதி உண்மை. பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்குகளில் அழகு சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் அந்த விலக்கு பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவைப்படும் சிகிச்சைக்கும் பொருந்தாது. அதை டாக்டர் சான்றளிக்க வேண்டும். அந்த ‘உடனடியான ஆபத்து’ என்ற வரியைப் பிடித்துத்தான் கழுத்து வலிக்காகச் செய்யும் குறைப்பு சிகிச்சையை மறுப்பார்கள். அதனால் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். முன் அனுமதிக்கு விண்ணப்பித்து, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு தேதி குறியுங்கள்.

விண்ணப்பத்தோடு பழைய காகிதங்கள் எல்லாம் போக வேண்டும்: எலும்பு டாக்டர் சீட்டு, பிசியோதெரபி பில், மார்புக்கு அடியில் வந்த புண்ணுக்குத் தோல் டாக்டர் எழுதிய மருந்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் இரு பக்கமும் எத்தனை கிராம் திசு எடுக்கப்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது பணத்துக்காக மட்டும் இல்லை, மனைவியின் உடல்நலத்துக்காகவும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். செலவே பெரிய தடை என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் 2018-ல் மார்பகங்களுக்கென்றே ஒரு கிளினிக் தொடங்கினார்கள். அங்கேயும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். கீழே தையல்கள் சேரும் இடத்தில் சிறிதாகத் திறந்து நீர் கசிகிறது. டிரெஸ்ஸிங்குக்கு ஒவ்வொரு முறையும் தனியாகக் காசு கேட்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஆயின்மென்ட் வாங்கி நானே போட்டுக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம்மா, உடனே போய்க் காட்டுங்கள். நேர்த்தையலும் கீழ்த்தையலும் சேரும் அந்த இடத்தில்தான் இழுவை அதிகம். அங்கே சின்னதாகத் திறப்பது அடிக்கடி நடக்கிறது, பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிவிடும். ஆனால் என்ன டிரெஸ்ஸிங் என்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், தழும்பு கிரீம் எதையும் திறந்த புண்ணில் வைக்காதீர்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், காம்பு கருத்துப் போவது இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் அல்லது மூச்சுத் திணறல் வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

பணத்துக்கு வருவோம். தையல் திறந்தது என்பதற்காக மட்டும் அதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பேக்கேஜ் காகிதத்தில் ‘தொடர் சிகிச்சை உட்பட’ என்று இருந்தால் தனிக்கட்டணம் கேட்பது சேவைக் குறைபாடு. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எஸ்டிமேட்டையும் ரசீதுகளையும் சேர்த்து, மருத்துவமனைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பதில் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை டிரெஸ்ஸிங்கை நிறுத்தாதீர்கள். காசைக் கட்டி, ரசீதை மறக்காமல் வாங்கி வையுங்கள்.