சோற்றுக்காகத்தானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கோலில் நாலறை வீட்டில் இருக்கிறேன். எங்களிடம் மிட்டு என்று ஒரு ஷிட்சு நாய் இருக்கிறான். வயது 11. பிள்ளைகள் கேட்டார்களே என்று வாங்கினோம். மகன் தேசிய சேவைக்குப் போய்விட்டான், மகள் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். இப்போது காலை நடை, இரவு நடை, குளிப்பாட்டுவது, சோறு எல்லாமே நான்தான்.

திருச்சியிலிருந்து என் பெரியம்மா சிங்கப்பூர் வந்து ஒரு மாதம் தங்கினார். அன்பானவர்தான். கிளம்புவதற்கு முதல் நாள் சொன்னார்: “நீ சோறு போடற, அது வாலாட்டுது. நாளைக்கு வேற ஒருத்தி போட்டா அவ பின்னாடி போயிடும். அதுக்குப் போயி இப்படி உசுர விடுறியே.” அவர் ஊருக்குப் போய் மூன்று வாரமாகிறது. அந்தப் பேச்சு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மிட்டுவுக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. வயதையும் இதயத்தையும் பார்த்து அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தினமும் அதே நேரம், அதே வேலை, அதே பாதை. இது பாசமா, வெறும் பழக்கமா அக்கா? உங்கள் நாய் கருப்பாயியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, பொங்கோல்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “சோறு போடறத என்ன இவ்வளவு லேசா சொல்லிட்டாங்க” என்றார். நானும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்களைக் கொஞ்சியதாகவோ பாசமாக நாலு வார்த்தை பேசியதாகவோ எனக்கு நினைவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, அரைத்தூக்கத்தில் கிடக்கும் எங்களிடம் “சாப்டீங்களா” என்று கேட்பார். அவ்வளவுதான். அதைச் சோற்றைப் பற்றிய கேள்வியாக நாங்கள் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. நம் வீடுகளில் பாசம் வருகிற வழி அது. பிள்ளைக்குப் பிசைந்து கொடுத்தால் பாசம், மிட்டுவுக்குப் பிசைந்து வைத்தால் வெறும் சோறு என்று எப்படிப் பிரிப்பது?

வேறு ஒருத்தி போட்டால் அவள் பின்னாடி போய்விடும் என்றாரே பெரியம்மா, அதற்குக் கருப்பாயிதான் பதில் சொல்ல வேண்டும்.

அவளை 2017இல் தத்தெடுத்தோம். துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் வளர்ந்தவள். சைட் நாய்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையிலேயே லாரி வந்து ஊழியர்களின் மதியச் சோற்றுப் பொட்டலங்களை இறக்கிவிட்டுப் போகும். அதில் ஒரு பிடி நாய்க்கு. ராத்திரியில் யாராவது உள்ளே நுழைந்தால் அது குரைக்கும். கட்டடம் முடிந்ததும் ஆட்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போக அவர்களுக்கு வழி கிடையாது. அப்படி நின்றுபோனவளை ஒரு மீட்புக் குழு பிடித்து வந்து, கருத்தடை செய்து, எட்டு மாதம் காப்பகத்தில் வைத்திருந்தது. அங்கே அவளுக்கு வைத்த பெயர் கோக்கோ.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதித்த சிறு இனமாக இருக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் பழகிய விதி. 2012இல் ‘அடோர்’ திட்டம் தொடங்கிய பிறகுதான் சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று நாம் சொல்கிற கலப்பின நாய்களுக்கும் அடுக்குமாடியில் இடம் கிடைத்தது. நாங்கள் எடுத்தபோது உயரம் 50 சென்டிமீட்டரையும் எடை 15 கிலோவையும் தாண்டக் கூடாது. இவள் 14.6. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி நிற்பேன், முள்ளைப் பார்க்கும்வரை மூச்சு வராது. 2020இல் எடை வரம்பை எடுத்துவிட்டு உயரத்தையும் 55 ஆக்கினார்கள். செய்தியைப் படித்த அன்று அம்மா அவளுக்கு ஒரு இட்லி கூடுதலாக வைத்தார். உப்பில்லாத இட்லி, சட்னி சாம்பார் கிடையாது. வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று அடுப்படிச் சுவரில் அம்மாவே எழுதி ஒட்டியிருக்கிறார்.

அந்தத் திட்டத்தின்படி நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சியும் கொடுக்க வேண்டும். வகுப்பில் மற்ற நாய்கள் ‘சிட்’ என்றதும் உட்காரும். இவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாள். மூன்றாவது வகுப்பில் சலித்துப்போய், “ஏய், உக்காருடி” என்றேன். பொத்தென்று உட்கார்ந்தாள். பயிற்சியாளரான சீனப் பெண்மணி, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். எழுப்பி நிறுத்திச் சொன்னேன், மறுபடி உட்கார்ந்தாள். வா, போ, இரு, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண்மணியும் அவளிடம் ‘உக்காரு’ என்றே சொல்ல ஆரம்பித்தார். இவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார் என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மீட்புக் குழுவில் இருந்த ஒரு தம்பி, பழைய போனில் கிடந்ததென்று ஒரு வீடியோ அனுப்பினார். அவளைக் கூண்டில் ஏற்றிய நாளில் எடுத்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. லாரியின் பின்பக்கம், கூண்டு, மஞ்சள் தலைக்கவசம் போட்ட இருவர். ஒருவருடைய முகம் தெரியவில்லை. சிமெண்டு படிந்த கை மட்டும் கம்பிக்குள் போய் அவள் நெற்றியைத் தடவுகிறது. குரல் கேட்கிறது: “கருப்பாயி... ஒண்ணுமில்லடா ஆத்தா, ஒண்ணுமில்ல. போயிட்டு வா.”

அவள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் காது எழுந்தது. அப்புறம் எழுந்து என்னிடம் வந்து போனின் முன்பக்கத்தை முகர்ந்தாள், சுற்றி வந்து பின்பக்கத்தை முகர்ந்தாள். பிறகு வாசலுக்குப் போய், கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். வால் ஆடவில்லை. குரைக்கவில்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீடியோவை அவள் எதிரில் நான் போட்டதில்லை. அன்று ராத்திரி தட்டை வைக்கும்போது அம்மா “கருப்பாயி” என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஓடிவந்தாள். கோக்கோ என்ற பெயர் அத்தோடு போயிற்று.

கணக்குப் பாருங்கள். காப்பகத்தில் எட்டு மாதம், எங்களோடு இரண்டு வருடம். தட்டு வைத்த கைகள் எத்தனையோ மாறிவிட்டன. எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அந்தக் குரலையும் உள்ளே வைத்திருந்தாள். அன்று எனக்குக் கொஞ்சம் வலித்தது, ஒளிக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல என் முழங்காலில் தாடையை வைத்து எழுப்பினாள். வலி போய்விட்டது. இவள் மனதில் ஒருவர் இருந்த இடத்தை இன்னொருவர் அழிப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். அப்படியென்றால் நானும் அங்கே இருப்பேன்.

அந்த மனிதரைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவில் நம் ஊழியர்கள் கூடுமிடத்துக்குப் போய், நாலைந்து பேரிடம் வீடியோவைக் காட்டினேன். கம்பெனி பெயர் தெரியாமல் எப்படிக்கா கண்டுபிடிக்கிறது என்றார்கள். சரி என்று கிளம்பும்போது, அவர்களில் ஒருவர் தன் போனைத் துழாவி, கிராஞ்சி சைட்டில் அவர் வளர்த்த நாயின் படத்தை எடுத்துக் காட்டினார். உடனே பக்கத்தில் இருந்தவரும் தன் போனை எடுத்தார். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் படத்துக்கு நடுவில் ஒரு செவலை நாய். அதன் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. ஒரு பிடி சோறு போட்ட அந்தப் பக்கமும் மறப்பதில்லை. பெரியம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆராய்ச்சி என்று கேட்டால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் 15 நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் மயக்க மருந்து இல்லாமலே அசையாமல் படுக்கப் பழக்கினார்கள். சோறு வரப்போகிறது என்கிற சைகைக்கும், வளர்ப்பவர் கொஞ்சப்போகிறார் என்கிற சைகைக்கும் மூளை எப்படித் துள்ளுகிறது என்று பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. 13 நாய்களுக்குக் கொஞ்சலும் சோறும் சமம், அல்லது கொஞ்சல்தான் மேல். சோறு பெரிதாகத் தெரிந்தது இரண்டுக்கு மட்டும். அதே ஆண்டு ஹங்கேரியில் செய்த இன்னொரு ஆய்வில், நல்ல சொல்லும் நல்ல தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் நாயின் மூளையில் மகிழும் பகுதி விழித்தது. தொனி மட்டும் போதவில்லை. ‘ஒண்ணுமில்லடா ஆத்தா’வை அவள் எப்படிக் கேட்டிருப்பாள் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பாசமா, வெறும் பழக்கமா என்று கேட்டிருந்தீர்கள். ‘வெறும்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். “அவரோடு எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம்” என்று தமிழில் நாம் யாரைச் சொல்கிறோம்? நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கக்கூடியவரை. பழகுவது என்றால் ஒரே காரியத்தைத் திரும்பச் செய்வதும்தான், ஒருவரோடு நெருங்குவதும்தான். நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

காலை ஆறு மணிக்கு நாங்கள் இறங்கும்போது இருட்டாக இருக்கும். இங்கே விடிய ஏழாகிவிடுமே. ரப்பர் செருப்பைக் காலில் மாட்டினால் வாசலுக்கு ஓடுவாள். ஆபீஸ் செருப்பு என்றால் தலையைக் கூடத் தூக்க மாட்டாள். நடந்துவிட்டு வந்ததும் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாக விரித்துப் பார்ப்பேன். புல்லில் உண்ணி அதிகம், உண்ணிக் காய்ச்சலில் ஒருமுறை அவளை இழக்கப் பார்த்தோம். விரலிடுக்கு, காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், இந்த வரிசைதான். இடதுகால் முடிந்ததும் வலதுகாலை அவளே நீட்டுவாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

எங்கள் மாடியில் ஒரு மலாய் மக்சிக், வயதில் மூத்த அம்மா, இருக்கிறார். முதல் வருடம் மின்தூக்கியில் எங்களைப் பார்த்தால் ஏற மாட்டார். அவர் போகட்டும் என்று நான்தான் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஒதுங்கி நிற்பேன். ஒருநாள் அவரே சொன்னார், நாய் மேல் வெறுப்பு இல்லை, எச்சிலோ ஈர மூக்கோ பட்டால் மார்க்கப்படி மண்ணோடு சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும், முட்டி வலியோடு அது சிரமம் என்று. அன்றிலிருந்து கருப்பாயியை எனக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார வைப்பேன், மக்சிக் எதிர் மூலையில் நிற்பார். இப்போது கதவு திறந்ததும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைப் பார்த்து “சூடா மாக்கான்?” என்கிறார். சாப்பிட்டாயா என்றுதான் அவரும் கேட்கிறார்.

இனி மிட்டுவின் கண். அதில்தான் உங்களுக்கு உடனடியாக உதவ முடியும் என்று நினைக்கிறேன்.

கருப்பாயிக்கு முன்னால் எங்களிடம் மணி என்று ஒரு ஸ்பிட்ஸ் இருந்தான். 14 வயதுவரை இருந்தான், கடைசி இரண்டு வருடம் முழுக்கப் பார்வை இல்லாமல். நாய்க்கு மூக்கும் காதும் இருக்கும்வரை வீடு தொலைந்து போவதில்லை, நாம் அதை நகர்த்தாமல் இருந்தால். சோபாவை நகர்த்தாதீர்கள். தண்ணீர்க் கிண்ணம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வாசலிலும் படுக்குமிடத்திலும் கால் விரிப்பு போடுங்கள், பாதம் பட்டதும் இடம் தெரிந்துவிடும். தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லுங்கள், திடீரென்று தொட்டால் மிரண்டு கடிக்கக்கூடும். நடைபாதையை மாற்ற வேண்டாம். தினமும் அதே பாதை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதைதான் இனி அவனுக்குக் கண். கண் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புரை முற்றும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலி வரலாம், நாய் அதை எளிதில் வெளியே காட்டாது.

இன்னொன்று. மணிக்குப் பார்வை போன மாதம், எந்த அறையில் இருக்கிறேன் என்று தெரியாமல் என்னைத் தேடி அலைவான். அம்மா பீரோவிலிருந்து என் பழைய கொலுசை எடுத்துக் கொடுத்தார். வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கழற்றி வைத்தது. வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டுக்கொள்வேன். அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே அடுப்படிக்கு வருவான், துணி காயப்போடப் போனால் அங்கே வருவான். நான் நின்றால் நிற்பான். அவன் போனபிறகு ஒரு மாதம் அதைக் கழற்ற முடியவில்லை.

உங்களிடம் கொலுசு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாவிக்கொத்தில் ஒரு சின்ன மணி போதும்.

எம்ஆர்டி ரயிலில் நாயை ஏற்ற முடியாது என்பதால் ஈசூனிலிருந்து பொங்கோலுக்குக் கருப்பாயியைக் கூட்டிவர எனக்குத் தோழியின் காரை நம்ப வேண்டும். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கிடைக்கும் என்றாள். வெயில் இறங்கியதும் ஆறு மணிக்கு நீரோடைப் பக்கம் வருகிறோம். மிட்டுவை அவன் வழக்கமாக நடக்கும் பாதையிலேயே கூட்டிவாருங்கள், கருப்பாயி அவன் பின்னால் நடக்கட்டும். சிறிய நாய்களோடு அவளுக்குப் பழக்கம் குறைவு. முதல் பத்து நிமிடம் தள்ளி நடப்போம், அப்புறம் முகர விடலாம்.

அன்புடன்,
அக்கா